செருப்புக்குக் காவல்

மறுவாழ்வு இல்லம்,
மீஞ்சூருக்கு அப்பால்
26 ஜனவரி 2025

என் மகிமாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்று குடியரசு தினம் என்று ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். தின்றுகொண்டிருந்தபோது தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுகிற பக்தவச்சலம் அண்ணன் கொருக்குப்பேட்டைக்காரர். வண்டிக்குள் என்ன பாட்டு ஓடியது தெரியுமா? ஏழாம் கேட். நம்ம பேண்ட் ஏழாம் கேட். ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, சேதி தெரியாதா? அடுத்த மாசம் பதினஞ்சாந் தேதி காசிமேட்டு வலைத்திடல்ல ஷோ கீது. டிரம்ஸ் அடிக்கிற உதயா கனடா போறானாம். இத்தோட பேண்டைக் கலைச்சிடறாங்கோ" என்றார்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை மகி. நம்ம பாஷையில் எவன் ராக் பாடுவான் என்று எல்லோரும் சிரித்த காலத்தில் லியோனார்ட் பாடினான். முதல் ஷோ அதே திடலில்தானே? காய்ந்துகொண்டிருந்த வலைமேல் நாம் ஏறிக் குதிக்கப் போக, அந்த மீன்கார அடைக்கலமேரி அக்கா, "வலை மேல செருப்பு பட்டுச்சு, காலை ஒட்ச்சிடுவேன்" என்று கத்தினாள். அத்தனை பேரும் கழற்றி ஐஸ் கம்பெனி மதிலோரம் போட்டோம். அன்று முதல் ஏழாம் கேட் எங்கே பாடினாலும் கூட்டம் வெறுங்காலோடுதான். அன்று யாரென்றே தெரியாத உன்னிடம், "செருப்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். நீயும் பார்த்துக்கொண்டாய். அப்படித்தானே ஆரம்பித்தது.

மூன்று மாதம் முடியாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். ஆனால் வீட்டிலிருந்து வந்து மேனேஜர் ஐயாவிடம் கேட்டால் ஒருவேளை விடுவார். ஒரே ஒரு சாயங்காலம். நீ கூடவே இரு. என் கையைக் கட்டிக் கூட்டிப்போ. வந்து கேள் மகி.

இங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல ரப்பர் செருப்பு. மாறிப்போகாமல் இருக்கக் கட்டில் நம்பரைச் சூடு போட்டிருக்கிறார்கள். என்னுடையது இருபத்தாறு. மாட்டுக்குப் போடுவதுபோல.

உன்
ஜெனிஷ்


திருவொற்றியூர்
30 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனிக்கு,

கடிதம் கிடைத்தது. எங்களைப் பற்றி ஒரு வரி, மிச்சமெல்லாம் ஏழாம் கேட். சரி, பழைய ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. மாமா கடையில் பெயிண்டும் கயிறும் ஏதோ போகிறது. உன் ஸ்டூலில் இப்போது பூனை உட்காருகிறது.

நான் வந்து கேட்க மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் நீ ஆசையோடு படிக்க வேண்டாம்.

போன டிசம்பரில் கூட்ஸ் யார்டு தண்டவாளத்தில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். ரயில்வே கேட்காரர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். எனக்குப் போன் செய்தார். "வா தாயி, வந்துடு, ஆளு கீறாரு, ஆளு கீறாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடு கீறாரா, பிணமாகக் கீறாரா என்று கேட்கப் பயந்து ஆட்டோவில் வந்தேன். நீ அதை மறந்திருப்பாய். உனக்கு அப்போது நினைவே இல்லையே.

அங்கே சேர்த்த அன்று மேனேஜர் உன் முன்னால்தானே சொன்னார்? நடுவில் ஒருமுறை வெளியே போனால் மறுபடி சேர்க்கமாட்டோம் என்று. நானும் அப்போதே சொன்னேன், எனக்கும் அதுதான் கணக்கு. மாமா கேட்டுவிட்டு உன் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர், "ஏ பிள்ள, அவன் வெளிய வந்தாம்னா நீ தூத்துக்குடிக்கு உங்க அம்மைட்டப் போயிரு. டிக்கெட்ட நானே போட்டுத் தாரேன்" என்கிறார். நான் வேலை பார்க்கிற துறைமுகக் கிளியரிங் ஆபீஸ் தூத்துக்குடியில் கிளை திறக்கிறது. வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும்.

பாட்டு எங்கேயும் போய்விடாது. போனில் இருக்கிறது. நீ முழுசாக வா.

அன்புடன்
உன் மகிமா


மறுவாழ்வு இல்லம்
3 பிப்ரவரி 2025

மகிமா,

உன் கடிதம் நேற்று வந்தது. போனில் இருக்கிறதாம். பத்து வருடம் என்னோடு இருந்துவிட்டு இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

உனக்குப் புரியாது. இங்கே காலை ஐந்து மணிக்கு மணி அடித்தால் எழுந்து, கஞ்சி குடித்து, தோட்டத்தில் புல் பிடுங்கி, வட்டமாக உட்கார்ந்து, "என் பெயர் ஜெனிஷ், நான் குடிநோயாளி" என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு வேறு பெயரே இல்லை போலிருக்கிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் எதற்கு நின்றது என்று தெரியவில்லை. குடியையும் எடுத்துவிட்டு, பாட்டையும் எடுத்துவிட்டால் உள்ளே என்னதான் மிச்சம்? காலி டிரம் போலக் கிடக்கிறேன்.

சனிக்கிழமை வார்டன் ஊருக்குப் போய்விடுவார். யாரும் தலை எண்ணுவதில்லை. பின்பக்கச் சுவர் என் தோள் உயரம்தான். சும்மா சொல்கிறேன்.

இல்லை, சும்மா சொல்லவில்லை. பயமாக இருக்கிறது மகி. என்னை நானே பிடித்துவைக்க முடியாது என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ வந்து கூட்டிப்போனால் அது தப்பித்தல் ஆகாது. உன் காலில் விழுகிறேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை, இப்போது தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டு எழுதியதை மன்னித்துவிடு. கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்றால் தாள் இல்லை.

ஜெனிஷ்


திருவொற்றியூர்
7 பிப்ரவரி 2025

ஜெனி,

சுவர் உன் தோள் உயரம் என்று எழுதினாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உனக்குச் சந்தோஷமா?

மேனேஜருக்குப் போன் செய்து சுவரைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் உன்னை அறைக்குள் போட்டுப் பூட்டுவார்கள். பூட்டி வைத்த ஆளைத் திரும்பக் கூட்டிவந்து நான் என்ன செய்வது? நீயாக இருந்தாய் என்று ஆகட்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

ஒரு யோசனை. நான் போகிறேன். உனக்குப் பதிலாக. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்று விடாமல் பார்த்து, வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். லியோனார்ட் என்ன சட்டை, உதயா எத்தனை குச்சி உடைத்தான், எல்லாம். கடிதங்களை அங்கே பிரித்து உதறிப் பார்ப்பார்களே தவிரப் படிப்பதில்லை என்று முன்பு சொன்னாய். அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நீ அங்கே உட்கார்ந்து அதைப் படி. அதுதான் உன் கச்சேரி.

இதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை ஜெனி. இதற்கும் நீ சுவர் ஏறினால் நான் போய்விடுவேன். மிரட்டவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் மகிமா


மறுவாழ்வு இல்லம்
11 பிப்ரவரி 2025

மகி,

சரி. நீ போ.

சீக்கிரம் போய் முன்னால் நில். ஸ்பீக்கருக்கு நேராக நிற்காதே, காது அடைத்துவிடும். கடைசியாகக் கரைப் பாட்டுதான் பாடுவார்கள், அதற்கு முன்னால் கூட்டம் கலைகிறதே என்று நீயும் கிளம்பிவிடாதே. "கப்பல் போனா போவட்டும், கரை எங்க போவும்" என்று வரும்போது உதயா டிரம்ஸை நிறுத்திவிடுவான், கூட்டம்தான் பாட வேண்டும். என் பங்கையும் சேர்த்துப் பாடு. உனக்குத்தான் வரி தெரியுமே.

சனிக்கிழமை சாயங்காலம் இங்கே படம் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். கவலைப்படாதே.

உன்
ஜெனிஷ்


திருவொற்றியூர்
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஜெனி,

கோயிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாக்குக் கொடுத்தபடி முதலிலிருந்தே எழுதுகிறேன், நடுவில் குதிக்காதே.

ஆறு மணிக்கே போய்விட்டேன். நம்ம அதே மூலையில், ஐஸ் கம்பெனி மதிலோரம், மழைநீர்க் குழாய்க்குக் கீழே செருப்பைக் கழற்றினேன். வார் அறுந்து நான் சிவப்பு நூலில் தைத்துப் போட்டிருக்கிறேனே, அதே செருப்பு. பக்கத்தில் அடைக்கலமேரி அக்கா வறுவல் சட்டி வைத்திருந்தாள். நான் வழக்கம்போல அங்கேயே நிற்கப் போனேன். "இன்னாம்மா, உன் ஆளு வர்லியா? அப்ப இங்க இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள போ. செருப்பு எங்கியும் போவாது" என்றாள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருடத்தில் ஏழாம் கேட்டை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் உன் செருப்பு, உன் பர்ஸ், உன் போன் எல்லாம் என் கையில். நீ எந்தப் பக்கம் விழுகிறாய், எவனோடு சண்டைக்குப் போகிறாய், யார் உனக்குப் பாட்டிலை நீட்டுகிறான் என்று உன் தலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேடையில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். கீபோர்டுக்கு ஒரு பெண் இருக்கிறாள் ஜெனி. எனக்குத் தெரியாது.

உள்ளே போனேன். தள்ளினார்கள், தள்ளினேன். லியோனார்ட் கறுப்புச் சட்டை, முட்டி வரை ஷூ. குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, ஆனால் உடைந்ததோடு பாடினான். மூன்றாவது பாட்டில் நான் குதித்தேன். நான். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன; டிரைவர்கள் கேபின்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் ஃபாத்திமா என்று ஒரு காலேஜ் பெண், "அக்கா, சூப்பர்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடியது. உன்னை நான் நினைக்கவேயில்லை. கொஞ்ச நேரம், சத்தியமாக, உன்னை நினைக்கவேயில்லை.

கரைப் பாட்டுக்கு முன்னால் ஜெனரேட்டர் நின்றுபோனது. கும்மிருட்டு. சரியாவதற்குள் தண்ணீர் குடித்து வந்துவிடலாம் என்று அடைக்கலமேரி அக்காவிடம் போனேன். போன் வெளிச்சத்தில் என் செருப்பைப் பார்த்தேன்.

அதன் பக்கத்தில், ஒட்டி, நேராக, நீல ரப்பர் செருப்பு. குனிந்து பார்த்தேன். இருபத்தாறு.

எத்தனை கூட்டத்திலும் என் செருப்பைத் தேடிப் பக்கத்தில் உன்னுடையதை வைப்பாயே, அந்தப் பழக்கத்தில் வைத்திருக்கிறாய்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எடுக்க வருவாய் அல்லவா. லாரிகளெல்லாம் திடல் பக்கம் விளக்கைப் போட்டன. மதில் முழுக்க வெளிச்சம். கரைப் பாட்டு ஆரம்பித்தது, பின்னால் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்புகிற நேரத்தில் நீ வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டால்? செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்து, அக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, திடலில் நாய்கள் வந்த பிறகும் நின்றேன். நீ வரவில்லை.

இப்போது அந்தச் செருப்பு என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்? இல்லத்துக்குப் போன் செய்து, "ஜெனிஷ் இருக்கிறாரா" என்று கேட்க எனக்கு வழியில்லை. நீ யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போயிருந்தால் நானே உன்னைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். போகவில்லை என்றால் எந்தத் தண்டவாளத்தில் தேடுவது? காலையில் கொருக்குப்பேட்டை கேட்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "ஒண்ணும் இல்ல தாயி, வூட்டுக்குப் போ" என்றார். அத்தை மாமாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அங்கே இருந்தால் இதைப் படிப்பாய். படித்தால் எழுது. ஒரு வரி போதும். திட்டிக்கூட எழுது.

உன் மகிமா


மறுவாழ்வு இல்லம்
22 பிப்ரவரி 2025

மகி,

இங்கேதான் இருக்கிறேன். குடிக்கவில்லை. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வருமுன்பே எழுதியிருக்க வேண்டும். முதல் வாரம் யாருக்கும் பேனா கிடையாது. எனக்கு மறுபடியும் முதல் வாரம் வந்து, இன்றுதான் முடிந்தது.

சனிக்கிழமை மதியம் தண்ணீர் லாரி வந்தபோது நான் ஒன்றும் திட்டம் போட்டிருக்கவில்லை. அண்ணன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே கரைப் பாட்டை முணுமுணுத்தார். சுவர் ஏறி ரோட்டில் போய் அவர் வண்டிக்குக் கைகாட்டியது வரை என் கால்தான் செய்தது. "பேஜாரு ஆய்டும் நைனா, வாணாம்" என்றார். கெஞ்சினேன். ஏற்றிக்கொண்டார்.

திடலில் உன் செருப்பைப் பார்த்ததும் என்னுடையதைப் பக்கத்தில் விட்டேன். நீ எழுதியதுபோலப் பழக்கம்தான், யோசித்து வைக்கவில்லை. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். உன்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓரத்தில் தேடினேன், நீ நடுவில் இருந்தாய். தலைமுடி அவிழ்ந்து, அந்தப் பெண்ணோடு குதித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கத்திக்கொண்டு. யாரோ போல இருந்தாய். நான் மேடையைப் பார்க்கவில்லை மகி. ஆசையாக ஓடிவந்து, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்தால் நின்றுவிடுவாய் என்று வரவில்லை.

அப்புறம் இருட்டாயிற்று. லாரி விளக்குகள் வந்தபோது நீ மதில் பக்கம் நின்றாய், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு ஜோடிச் செருப்புக்கு முன்னால். நான் வந்து எடுத்திருக்கலாம். உன் முகத்தை எதிரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் உள்ளே இல்லாத அன்றும் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

நீ பார்க்காததை எழுதுகிறேன். மைக் இல்லை, ஒன்றுமில்லை. லியோனார்ட் மேடை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். இத்தனை வருடம் நாமெல்லாம் வெறுங்காலோடு நிற்க அவன் மட்டும் ஷூவோடு பாடியிருக்கிறான், கவனித்ததே இல்லை. கழற்றிவிட்டு மணலில் இறங்கினான். உதயா ஒரு டீசல் டிரம்மைக் கவிழ்த்து அடித்தான். நீ சொன்ன கீபோர்டுப் பெண் சும்மா கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "கப்பல் போனா போவட்டும்" வரை லியோனார்ட் பாடினான், பிறகு தலை குனிந்துகொண்டான். கூட்டம் பாடியது. லாரிக்காரர்கள் ஹாரனைப் பாட்டுக்குச் சரியாக அடித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் வரி தெரியாமல், "கரை, கரை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அவ்வளவுதான். நீ எனக்கு எழுத வந்த கச்சேரியில் உனக்குக் குறைந்தது இது.

நீ கிளம்பிய பிறகு நானும் கிளம்பினேன். வழியில் ஒயின் ஷாப் எதிரில் ரொம்ப நேரம் நின்றேன். கையில் காசு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, உன்னிடம் நல்லவன் வேஷம் போடமாட்டேன். பாதி தூரம் பால் வண்டி, மீதி நடை. காலில் கண்ணாடி குத்திவிட்டது. விடியும்போது சுவர் ஏறி உள்ளே வந்தேன். பக்கத்துக் கட்டில் மாசானம் என் தலையணைக்குப் போர்வை போர்த்தி வைத்திருந்தார், யாருக்கும் தெரியவில்லை. கஞ்சி குடித்துவிட்டு வட்டத்தில் உட்கார்ந்தேன். "என் பெயர் ஜெனிஷ்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் மூட்டையைக் கட்டு என்றார். கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பதானால் உள்ளே வா என்றார். வந்தேன்.

தூத்துக்குடிக்குப் போ. இதை எழுதும்போதே "போகாதே" என்று எழுத வருகிறது. எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார். மறுபடியும் வருகிறது. வார்த்தை தவறியது நான். நீ தவற வேண்டாம். இனிமேல் என் செருப்புக்குக் காவல் நிற்காதே.

ஜெனிஷ்


திருவொற்றியூர்
2 மார்ச் 2025

ஜெனிக்கு,

உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அத்தை என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மாமா கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மறுநாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். செவ்வாய்க்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்கு. போகிறேன்.

நீ திரும்பிப் போனது நல்லது. யாருக்கும் தெரியாமல் இருந்ததை நீயே சொன்னது அதைவிட நல்லது. இரண்டையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று அந்த மதிலைப் பார்த்து நின்றபோதும் இல்லை. என் கால் தானாகப் போய் நின்றது, அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீ குடித்தாலும் நிற்பேன், குடிக்காவிட்டாலும் நிற்பேன். நீ முழுசாக வந்தாலும், எப்போது விழுவாய் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அப்படியே எனக்கு வயசாகிவிடும் ஜெனி.

கரைப் பாட்டை எழுதியதற்கு நன்றி. மூன்று தடவை படித்தேன். இப்போது எனக்கு முழுக் கச்சேரியும் ஆயிற்று.

கண்ணாடி குத்தின இடத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். அங்கே டாக்டர் வரும்போது காட்டு, வெட்கப்படாதே. உன் செருப்பைக் கழுவிக் காயவைத்து, பக்தவச்சலம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்குத் தண்ணீர் லாரியில் வரும். வந்து சேர்ந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.

மகிமா